காலியான பென்டிரைவில் அப்பா இருந்தார்

அப்பா இறந்து ஓராண்டு நிறைய இன்னும் ஒன்பது நாள்கள் இருந்தன. நாளிதழில் நினைவஞ்சலி விளம்பரம் கொடுக்க வேண்டும் என்று அம்மா ஒரு மாதமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். வாசகம் எழுதியாகிவிட்டது. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்களையும் யாரும் விடுபடாமல் இரண்டு முறை சரிபார்த்தாகிவிட்டது. படம் மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அனுப்பிவிட வேண்டும்.

வியாழன் இரவு எட்டு மணிக்குத் தம்பி என் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒரு தோளில் மடிக்கணினிப் பை. கைக்குள் எதையோ இறுக்கமாகப் பிடித்திருந்தான்.

"அக்கா, பென்டிரைவ் காலி. உள்ளுக்கு ஒன்னுமே இல்ல. அம்மாகிட்ட சொல்லாதே."

அது சாதாரணப் பென்டிரைவ் இல்லை. அப்பா தோட்டத்தில் இருந்த காலத்துப் படங்கள், அம்மாவின் கல்யாணப் படங்கள், எங்கள் பள்ளிக்கூடப் படங்கள் எல்லாவற்றையும் 2019இல் உட்கார்ந்து ஸ்கேன் செய்து அதில் போட்டிருந்தோம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் கிள்ளான் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. ஆல்பங்கள் கூழாகிவிட்டன. பழைய கணினியும் போய்விட்டது. சாமி மேடையின் மேல்தட்டில் விபூதித் தட்டுக்குப் பின்னால் கிடந்த அந்த 16 ஜிபி பென்டிரைவ் மட்டும் தப்பித்தது. அதன்பிறகு அப்பாவின் கைபேசியிலிருந்து எடுத்த குரல் பதிவுகளையும் அதிலேயே சேர்த்தோம். இன்னொரு பிரதி எடுத்து வைக்கலாமே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று மூன்று பிள்ளைகளும் தள்ளிப்போட்டோம். வேறு காரணம் ஒன்றுமில்லை.

நடந்ததைத் தம்பி சொன்னான். புதன்கிழமை தாமானில் உள்ள ஃபோட்டோஸ்டேட் கடைக்குப் போய், அம்மா தேர்ந்தெடுக்க வசதியாக எட்டுப் படங்களை அச்செடுத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து தன் மடிக்கணினியில் செருகினான். ஃபோல்டர்கள் எல்லாம் இருந்தன, திறந்து பார்த்தான், படங்களும் இருந்தன. மறுநாள் அலுவலகத்தில் செருகியபோது வைரஸ் தடுப்பு மென்பொருள் சிவப்பு எழுத்தில் எதையோ நீக்கிவிட்டதாகச் சொன்னது. திரும்பப் பார்த்தால் பென்டிரைவ் துடைத்துவிட்டது போல இருக்கிறது. பக்கத்து மேசைக்காரர், "காலியாத்தானே இருக்கு, ஃபார்மட் பண்ணிட்டுத் திரும்ப யூஸ் பண்ணு" என்று ஆலோசனை வேறு சொல்லியிருக்கிறார்.

நல்லவேளை, அவன் அதைச் செய்யவில்லை.

அவனுடைய மடிக்கணினியை மேசையில் வைத்துச் செருகச் சொன்னேன். சில வினாடிகளில் அவன் முகம் மலர்ந்தது. "வந்துடுச்சு அக்கா! பாரு, எல்லா ஃபோல்டரும் வந்துடுச்சு!" என்று எலியை நகர்த்தினான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு ஃபோல்டர் படத்தின் இடது கீழ் மூலையிலும் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி இருந்தது. அது ஃபோல்டர் இல்லை, ஷார்ட்கட். வீட்டு வாசலில் நம் வீட்டு எண்ணையே எழுதி வைத்துக்கொண்டு வேறொருவன் நிற்பது மாதிரி.

ஷார்ட்கட்டைத் தொடாமல், பென்டிரைவின் மேல் வலது பொத்தானை அழுத்தி அதன் விவரத்தைப் பார்த்தேன். 16 ஜிபியில் ஏறக்குறைய 11 ஜிபி நிரம்பியிருந்தது. ஒரு கிலோபைட், இரண்டு கிலோபைட் ஷார்ட்கட்டுகள் 11 ஜிபியை அடைக்க முடியாது. அப்படியானால் படங்கள் உள்ளேயேதான் இருக்கின்றன. நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதுபோன்ற நிலையில் முதலில் பார்க்க வேண்டியது இந்த அளவைத்தான். ஃபார்மட் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் இதைப் பார்த்திருந்தால் எத்தனையோ பேருடைய படங்கள் பிழைத்திருக்கும்.

கோப்புகள் எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் போகின்றன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் பென்டிரைவுகளில் பல ஃபேட்32 என்ற பழைய முறையில்தான் கோப்புகளை அடுக்கி வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் ஃபோல்டருக்கும் ஒரு பதிவேட்டு வரி உண்டு. நீளம் 32 பைட். பெயர், அளவு, தேதி, எங்கே தொடங்குகிறது என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். அந்த வரியில் ஒரே ஒரு பைட், குணங்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. வீட்டு மின்சாரப் பெட்டியில் வரிசையாகச் சுவிட்சுகள் இருக்குமே, அதுபோல. படிக்க மட்டும் என்ற சுவிட்சின் மதிப்பு 1. மறைவு என்பதற்கு 2. சிஸ்டம், அதாவது இயங்குதளத்துக்குச் சொந்தமானது என்பதற்கு 4. வட்டின் பெயரைக் குறிக்க 8. ஃபோல்டர் என்று காட்ட 16. கடைசியாகக் காப்புப் பிரதி எடுத்தபிறகு இது மாற்றப்பட்டது என்று நினைவூட்ட 32.

அப்பாவின் படங்கள் இருந்த ஃபோல்டரின் மதிப்பு 16 ஆக இருந்திருக்க வேண்டும். வைரஸ் அதில் மறைவையும் சிஸ்டத்தையும் தட்டிவிட்டு 22 ஆக்கிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. ஒரு படத்தின் ஒரு புள்ளியைக்கூட அது தொடவில்லை.

இந்த இரண்டு சுவிட்சுகளையும் ஒன்றாகப் போட்டதில்தான் சூழ்ச்சி. மறைவு மட்டும் இருந்தால், விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டு என்ற அமைப்பை இயக்கினால் மங்கலாகத் தெரிந்துவிடும். சிஸ்டமும் சேர்ந்தால் தெரியாது. இயங்குதளத்தின் முக்கியமான கோப்புகளை மக்கள் தெரியாமல் அழித்துவிடக் கூடாது என்பதற்காக அவற்றுக்கென்று தனி மறைப்பு வைத்திருக்கிறார்கள். டாஸ் காலத்தில் கணினி தொடங்குவதற்குத் தேவையான கோப்புகளை அப்படித்தான் ஒளித்து வைத்தார்கள். அந்த மரியாதையை வைரஸ் எழுதியவன் நம் குடும்பப் படங்களுக்குக் கொடுத்துவிட்டான். அந்த இரண்டாவது மறைப்பையும் நீக்கி ஃபோல்டரைக் கண்டுபிடித்தாலும், அதன் விவரப் பெட்டியில் மறைவு என்ற கட்டம் சாம்பல் நிறத்தில் உறைந்து கிடக்கும். எலியால் அழுத்தினால் அசையாது. அதனால்தான் கருப்புத் திரைக்குப் போக வேண்டியிருக்கிறது.

கமாண்ட் பிராம்ப்ட் என்ற அந்தக் கருப்புத் திரையைக் கண்டு பலருக்குப் பயம். எனக்குப் பயம் இல்லை என்றால் அது ஒரு சைபர் கஃபேயில் பகுதிநேரமாக வேலை பார்த்த புண்ணியம். கட்டளையின் பெயர் அட்ரிப். ஆங்கிலத்தில் ஏ, டி, டி, ஆர், ஐ, பி என்று ஆறு எழுத்து. 1984இல் வெளிவந்த டாஸ் 3.0 காலத்திலிருந்து இருக்கிறது. என் தம்பிக்கு மூத்தது.

அவனுடைய மடிக்கணினியிலேயே தட்டினேன். ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. அவன் "ஆ" என்பதற்குள் மறுபடியும் மறைந்துவிட்டன. ஷார்ட்கட்டுகள் மட்டும் அசையாமல் நின்றன. திரும்பத் தட்டினேன். திரும்ப வந்தன, திரும்பப் போயின. மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது. புதன்கிழமை இரவு இவன் திறந்து பார்த்தது ஃபோல்டரை இல்லை, ஷார்ட்கட்டை. அந்த ஷார்ட்கட் இரண்டு வேலை செய்யும். முதலில் பென்டிரைவில் ஒளிந்திருக்கும் வைரஸ் நிரலை ஓடவிடும். பிறகு, சந்தேகம் வராமல் இருக்க, உண்மையான ஃபோல்டரையும் திறந்து காட்டும். தம்பி படங்களைப் பார்த்துத் திருப்தியாகத் தூங்கப் போன நேரத்தில், வைரஸ் அவனுடைய மடிக்கணினியில் குடியேறிவிட்டது. அதற்குப் பிறகு அதில் எந்தப் பென்டிரைவைச் செருகினாலும் இதே கதைதான். அலுவலகத்துக் காவல்காரர் ஷார்ட்கட்டையும் நிரலையும் மட்டும் நீக்கிவிட்டு, தட்டிவிட்ட சுவிட்சுகளை அப்படியே விட்டுவிட்டார். அதனால்தான் அங்கே காலியாகத் தெரிந்தது. வைரஸ் தடுப்புதான் படங்களை அழித்துவிட்டது என்று பலர் நம்புவது இதனால்தான்.

ஏன் இந்த வகை வைரஸ்கள் இப்படிச் சுற்றி வளைக்கின்றன என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. முன்பெல்லாம் பென்டிரைவைச் செருகினாலே போதும், ஆட்டோரன் வசதியைப் பிடித்துக்கொண்டு வைரஸ் தானாக ஓடிவிடும். 2008இல் உலகத்தையே ஆட்டிவைத்த கான்ஃபிக்கர் அந்த வழியையும் பயன்படுத்தியது. விண்டோஸ் 7 அந்தக் கதவை மூடியது. 2011 பிப்ரவரியில் எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கும் மைக்ரோசாஃப்ட் அதே மாற்றத்தை அனுப்பியது. கதவு மூடப்பட்டதும் நம் விரலையே சாவியாக்கும் வழிக்குத் திரும்பினார்கள். நமக்குத் தெரிந்த பெயரில் ஒரு ஷார்ட்கட்டை வைத்தால் நாமே இரண்டு முறை அழுத்திவிடுவோம் அல்லவா? கமாரு என்றும் ஆண்ட்ரோமெடா என்றும் அழைக்கப்பட்ட கூட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாக் கோப்புகளையும் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடும். பெயருக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி எழுத்து இருக்கும். 2017 நவம்பர் இறுதியில் அமெரிக்காவின் எஃப்பிஐ, ஜெர்மானியக் காவல்துறை, யூரோபோல் எல்லாம் சேர்ந்துதான் அந்த வலைப்பின்னலை முடக்கின. தலையை வெட்டினாலும் வால் இன்னும் பழைய கணினிகளில் துடித்துக்கொண்டிருக்கிறது.

தம்பியின் மடிக்கணினியை அணைத்து ஓரமாக வைத்தேன். என்னுடையதை எடுத்து, அதன் டிஃபெண்டர் புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பென்டிரைவைச் செருகினேன். இரண்டு எச்சரிக்கைகள் வந்தன, நிரல் நீக்கப்பட்டது. பென்டிரைவ் மறுபடியும் காலியாகத் தெரிந்தது. நான் எதையும் சொடுக்கவில்லை. ஸ்டார்ட்டில் சி, எம், டி என்று தட்டினேன். கருப்புத் திரை வந்தது.

இங்கே ஒரு தவறு செய்தேன். அவசரத்தில் மறைவை மட்டும் நீக்கும்படி தட்டிவிட்டேன். சிஸ்டம் கோப்பை மாற்றமாட்டேன் என்று ஆங்கிலத்தில் வரிவரியாகப் பதில் வந்தது. அட்ரிப்பின் பிடிவாதம் அது. மறைவும் சிஸ்டமும் சேர்ந்திருந்தால் இரண்டையும் ஒரே கட்டளையில் நீக்கச் சொல்ல வேண்டும், ஒன்றை விட்டு ஒன்றை நீக்கச் சொன்னால் கேட்காது.

சரியான கட்டளை இதுதான். அட்ரிப் என்று எழுதி ஓர் இடைவெளி. பிறகு கழித்தல் குறியும் எச் எழுத்தும், இடைவெளி, கழித்தலும் ஆர் எழுத்தும், இடைவெளி, கழித்தலும் எஸ் எழுத்தும். மறைவு, படிக்க மட்டும், சிஸ்டம் மூன்றும் அணைந்துவிடும். கழித்தலுக்குப் பதில் கூட்டல் போட்டால் சுவிட்ச் விழும், அதைத்தான் வைரஸ் செய்தது. அடுத்து முன்சாய்வுக் கோடும் எஸ் எழுத்தும், உள் ஃபோல்டர்களுக்குள்ளும் போ என்று அர்த்தம். முன்சாய்வும் டி எழுத்தும், கோப்புகளோடு ஃபோல்டர்களையும் சேர்த்துக்கொள் என்று அர்த்தம். இந்த டி எழுத்தை விட்டுவிட்டால் கோப்புகள் மட்டும் மாறும், அவற்றை வைத்திருக்கும் ஃபோல்டர் மறைந்தே கிடக்கும். கடைசியாகப் பென்டிரைவின் எழுத்து. என் கணினியில் அது ஈ. அதன்பின் முக்காற்புள்ளி, பின்சாய்வுக் கோடு, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம். எல்லாப் பெயரும் என்று பொருள்.

உங்கள் கணினியில் பென்டிரைவுக்கு எந்த எழுத்து என்பதைப் பார்த்துவிட்டுத் தட்டுங்கள். சி என்று தட்டிவிட்டால் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் மீதே கைவைத்த மாதிரி ஆகிவிடும்.

என்டர் விசையை அழுத்தினேன். 11 ஜிபி என்பதால் கொஞ்ச நேரம் திரை அப்படியே நின்றது. தம்பி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். வேலை முடிந்துவிட்டதா என்று பார்க்க, உள்ளதையெல்லாம் பட்டியலிடும் கட்டளையைக் கொடுத்தேன். வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் வந்தன. "போச்சுக்கா, பேரெல்லாம் கெட்டுப்போச்சு" என்றான்.

கெட்டுப்போகவில்லை. நாங்கள் ஃபோல்டர்களுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தோம். கருப்புத் திரையின் எழுத்துருவுக்குத் தமிழ் தெரியாது. யூனிகோடில் அப்பா என்ற சொல்லுக்கு ஐந்து குறியீடுகள். அகரம், பகரம், புள்ளி, பகரம், துணைக்கால். திரையில் ஐந்து கட்டங்கள் வரிசையாக நின்றன. நட்சத்திரக் குறி போட்டதால் அந்தப் பெயரைத் தட்ட வேண்டிய தேவையும் வரவில்லை. எக்ஸ்ப்ளோரரைத் திறந்தபோது, அம்புக்குறி இல்லாத மஞ்சள் ஃபோல்டரின் கீழே அப்பா என்று ஒழுங்காக எழுதியிருந்தது.

உடனே எதையும் திறக்கவில்லை. முதலில் மொத்தத்தையும் என் கணினிக்குப் பிரதி எடுத்தேன். மீந்து கிடந்த ஷார்ட்கட்டுகளை அழித்தேன். சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்றொரு ஃபோல்டரும் இப்போது வெளியே தெரிந்தது. அது விண்டோஸ் வைத்துக்கொள்வது, பயப்பட ஒன்றுமில்லை. பிரதி முடிய இரவு பத்தரை ஆனது. பிறகுதான் ஒரு குரல் பதிவைப் போட்டோம். அப்பா யாரிடமோ மீன் விலை பேசிக்கொண்டிருந்தார். முப்பது வினாடிகூட இருக்காது. தம்பி அதை மூன்று முறை கேட்டான்.

அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மறுநாள் காலை சொன்னபோது பதறவில்லை. "இனிமே யாரும் தொட முடியாத மாதிரி பூட்டி வைக்க முடியாதா?" என்று கேட்டார். படிக்க மட்டும் என்ற சுவிட்சைப் போட்டுக் கொடுக்கலாம்தான். ஆனால் அது பூட்டு இல்லை. தவறுதலாக அழிக்கப் போனால் கொஞ்சம் தடுக்கும், கேள்வி கேட்கும். ஃபோல்டரின் மேல் போட்டால் அந்தத் தடைகூட இல்லை. விண்டோஸ் அங்கே அந்தச் சுவிட்சை வேறு காரியத்துக்கு வைத்திருக்கிறது. நான் கழித்தல் குறி போட்டு நீக்கியதை எவரும் நீக்கலாம். மேக் கணினியில் சிஎச்ஃபிளாக்ஸ் என்ற கட்டளை இதே மாதிரி மறைக்கவும் பூட்டவும் செய்யும். லினக்ஸில் சாட்டர் என்பது இன்னும் கண்டிப்பானது, அதன் ஐ கொடியைப் போட்டுவிட்டால் அதைக் கழற்றும்வரை நிர்வாகியால்கூடக் கோப்பை அழிக்க முடியாது. இருந்தாலும் பென்டிரைவே தொலைந்துபோனால் எந்தக் கொடியும் காப்பாற்றாது. அம்மாவுக்கு இதையெல்லாம் விளக்கவில்லை. "மூனு இடத்துல வச்சிருக்கோம்மா" என்றேன். அன்று மாலை அதை உண்மையாக்கினோம். ஒன்று என் கணினியில், ஒன்று அண்ணன் வீட்டு வெளிவட்டில், ஒன்று இணையச் சேமிப்பில்.

விளம்பரத்துக்கு அம்மா தேர்ந்தெடுத்தது நாங்கள் நினைத்த கோட்டுசூட்டுப் படம் இல்லை. தோட்டத்து லைன் வீட்டுக்கு முன்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு அனுப்பினோம்.

மீதிக் கதை ஃபோட்டோஸ்டேட் கடையில். தம்பிக்குக் கோபம், போய்ச் சண்டை போட வேண்டும் என்றான். நான்தான் கூடப் போனேன். கடையை நடத்துவது ஒரு சீனப் பெண்மணி, நாங்கள் ஆன்ட்டி என்று கூப்பிடுவோம். எங்கள் சிறுவயதுப் பள்ளித் தேர்வுத் தாள்களையெல்லாம் நகலெடுத்துக் கொடுத்தவர். மலாயில் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. இரண்டு மாதமாகப் பிள்ளைகள் வந்து பென்டிரைவ் காலி, பென்டிரைவ் காலி என்று அழுகிறார்களாம். மலிவான பென்டிரைவ் வாங்கினால் அப்படித்தான் என்று அவரே சொல்லி அனுப்பியிருக்கிறார். ஒரு நாளைக்கு எத்தனையோ பென்டிரைவுகள் நுழைந்து வெளியேறும் கணினி அது. யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சனிக்கிழமை கடை மூடியபிறகு நானும் தம்பியும் போனோம். இரண்டு கணினிகளையும் டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனையில் போட்டோம், அது விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே தேடும். ஒன்று தேறியது. இன்னொன்று ரொம்பப் பழையது, விண்டோஸையே புதிதாகப் போட வேண்டியதாயிற்று. பென்டிரைவைத் தவிர்த்துக் கோப்புகளை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிக் கதவில் ஒட்டினோம். தம்பி கேட்டுக்கொண்டதால் இன்னொரு வரியும் சேர்த்தோம். பென்டிரைவ் காலியாகிவிட்டால் ஃபார்மட் செய்யாதீர்கள், கடையில் கேளுங்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஆன்ட்டி தம்பிக்கு வாட்ஸ்அப் அனுப்பினார். ஐந்தாம் படிவத்து மாணவி ஒருத்தி வந்திருக்கிறாள், ஃபோலியோவைக் காணோம், நாளைக்கு ஒப்படைக்க வேண்டும் என்று. தம்பி வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனான். ஏழே காலுக்கு எனக்குப் போன் வந்தது.

"அக்கா, முன்சாய்வு எஸ் முதல்லயா, டி முதல்லயா?"

எது முதலில் வந்தாலும் பரவாயில்லை என்றேன். பின்னணியில் ஒரு பெண்பிள்ளை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அது நின்றுவிட்டது.